வராத லாக்குக்கு யார் கணக்கு வைப்பது?

ஏற்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பழனி சொன்னான். ஆறு வாரத்துக்கு மாடிப்படி ஏற விடாதே. இங்கே ஒண்டிக்கடைப் பக்கம் நாலு மணிக்கே பனி இறங்கிவிடுகிறது. காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

இனி உன் விஷயம். வெள்ளிக்கிழமை ராத்திரி நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். சர்வர்களின் லாக்கை (அவை எழுதிவைக்கும் பதிவுகளை) ஒரே இடத்தில் சேர்க்கும் ஸ்ப்ளங்கின் மானிட்டரிங் கன்சோலில் 412 ஃபார்வர்டர் (ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்து லாக்கை அனுப்பும் புரோகிராம்), 412-ம் ஆக்டிவ், மிஸ்ஸிங் பூஜ்யம். கீழே உன் கேள்வி: "எல்லாம் பச்சை. ஆனால் ஆடிட்டில் கேட்ட மூன்று சர்வருக்கு 11 நாளாக லாக்கே இல்லை. எப்படிடா?" போனில் சொன்னால் பாதியிலேயே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்பாய். டியூஷனில் சாரிடம் அப்படிச் சொல்லித்தான் பிசிக்ஸில் 41 வாங்கினாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்தப் பச்சை எதை வைத்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள். லாக்கை வாங்கிச் சேமிக்கும் இன்டெக்ஸரில் மெட்ரிக்ஸ் லாக் என்று ஒன்று ஓடுகிறது. 9997 போர்ட்டில் எந்த ஃபார்வர்டர் வந்து தொட்டது, அதன் ஜியுஐடி (தனி அடையாள எண்) என்ன, வெர்ஷன் என்ன, எத்தனை கேபி தள்ளியது என்றெல்லாம் 'டிசிபி-இன் கனெக்ஷன்ஸ்' வரிகளாக அதில் விழும். கன்சோல் அந்த வரிகளை வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. ஃபார்வர்டர் தன் சொந்த இன்டர்னல் லாக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாலும் பச்சைதான். நீ கண்காணிக்கச் சொன்ன பேமென்ட் லாக்கில் ஒரு வரிகூட வரவில்லை என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியவே தெரியாது. வாசலில் ஆள் நிற்கிறான், அவ்வளவுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். கையில் கூடை இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அடுத்த விஷயத்தில். அந்தப் பக்கத்தில் ஃபார்வர்டர் பட்டியலைத் திரும்பக் கட்டும் பட்டன் ஒன்று இருக்கிறது. அழுத்தினால், நீ தேர்ந்தெடுக்கும் கால அளவுக்குள் வந்து தொட்டவை மட்டும் பட்டியலில் இருக்கும். மற்றதெல்லாம் போய்விடும். நிஜமாகவே கழட்டிப் போட்ட சர்வர்களை நீக்க வைத்த வசதி அது. உனக்கு முன்னால் இருந்தவர் மாதாமாதம் ரிப்போர்ட்டுக்கு முன்னால் 24 மணி நேரம் என்று வைத்து அழுத்தியிருக்கிறார் என்று நீயே சொன்னாய். செத்துப்போன ஃபார்வர்டர் சிவப்பில் நிற்பது உனக்குத் தெரிவதற்காகத்தான். அதை அழித்தால், ஒரு சர்வர் இருந்தது என்ற தடயமே இருக்காது. இனி எந்த சர்வர் நிஜமாகக் கழட்டப்பட்டது என்று கையெழுத்தோடு ஒரு தாள் வரும்வரை அந்தப் பட்டனைத் தொடாதே.

அப்புறம் குளோன். உங்கள் விஎம் (ஒரே மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் சர்வர்) எல்லாமே ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து வந்தவை என்றாயே, அங்கேதான் சந்தேகம். ஃபார்வர்டர் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது தனக்கென்று ஒரு ஜியுஐடியை உண்டாக்கி, இடிசி ஃபோல்டரில் இன்ஸ்டன்ஸ் டாட் சிஎஃப்ஜி என்ற ஃபைலில் எழுதிவைக்கும். டெம்ப்ளேட்டில் ஒரு தடவை ஓட்டிவிட்டு குளோன் எடுத்தால் எல்லாக் குளோனுக்கும் ஒரே ஜியுஐடி. கன்சோல் ஜியுஐடியை வைத்துத்தான் எண்ணுகிறது. நாலு பேருக்கு ஒரே ரேஷன் கார்டு மாதிரி: ஒருவன் வந்தாலே கார்டு 'வந்தது'. மெட்ரிக்ஸ் லாக்கில் ஜியுஐடி வாரியாக எத்தனை ஹோஸ்ட்நேம் என்று எண்ணிப் பார். ஒன்றுக்கு மேல் வருவதெல்லாம் இந்தக் கேஸ்தான். அந்த சர்வரில் ஃபார்வர்டரை நிறுத்து, இன்ஸ்டன்ஸ் ஃபைலை அழி, சர்வர் கான்ஃபில் சர்வர்நேமையும் இன்புட்ஸ் கான்ஃபில் ஹோஸ்ட்டையும் சரிபார்த்துத் திருத்து, ஸ்டார்ட் பண்ணு. டெம்ப்ளேட்டில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன் ஸ்ப்ளங்கே கொடுத்திருக்கும் 'குளோன் பிரெப் கிளியர் கான்ஃபிக்' கமாண்டை ஓட்டச் சொல். உன் 412-க்குப் பின்னால் எத்தனை மெஷின் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த மூன்று சர்வருக்கும் நோய் வேறு என்று நினைக்கிறேன். நீ ஒட்டிய ஃபைல் லிஸ்டிங்கை உற்றுப் பார்த்தேன். பழைய ஃபைல் 0640, அதாவது 'adm' குரூப்பும் படிக்கலாம். புதிய ஃபைல் 0600, ரூட்டுக்கு மட்டும். பழைய லாக் ஃபைலை ஒதுக்கிப் புதிது திறக்கும் லாக்ரொடேட் செட்டிங்கை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வெர்ஷன் 9.1 முதல் ஃபார்வர்டர் ரூட்டாக ஓடாமல் 'ஸ்ப்ளங்க்-எஃப்டபிள்யூடி' என்ற தனி யூசரில்தான் இன்ஸ்டால் ஆகிறது. ராத்திரி 12 மணிக்கு ரொடேட் ஆகி, புது ஃபைல் 0600-ல் பிறந்தால், எல்லா ஃபைலையும் படிக்கும் தனி உரிமை (CAP_DAC_READ_SEARCH) இல்லாமல் ஓடும் ஃபார்வர்டர் அதைத் திறக்க முடியாமல் வெளியே நிற்கும். கனெக்ஷன் மட்டும் உயிரோடு இருக்கும். ஏசிஎல் (ஒரு யூசருக்கென்று தனியாகக் கொடுக்கும் அனுமதி) கொடுத்திருக்கிறோமே என்று சிஸ்டம் அட்மின் சொல்வார். 0600 என்று மோடு போட்டால் ஏசிஎல்-இன் மாஸ்க்கும் காலியாகி, கொடுத்த உரிமை செல்லாமல் போகும், கெட்ஃபேக்ல் கமாண்ட் போட்டுக் காட்டு. அந்த யூசரை 'adm' குரூப்பில் சேர், லாக்ரொடேட்டில் கிரியேட் வரியை 0640 ஆக்கு, மேலே இருக்கும் ஃபோல்டருக்கு எக்ஸிக்யூட் பிட் இருக்கிறதா பார், ஃபார்வர்டரை ரீஸ்டார்ட் பண்ணு. குரூப் மாற்றம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் பிடிக்கும்.

ஜாவா அப்ளிகேஷனின் லாக்கில் இன்னொரு வினை உண்டு. ஃபார்வர்டர் ஒரு ஃபைலை முதல் 256 பைட்டின் சிஆர்சியை (சரிபார்ப்பு எண்ணை) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு ஃபைலும் அதே நீண்ட பேனர் வரியோடு ஆரம்பித்தால், "இது நான் ஏற்கெனவே படித்ததுதான்" என்று விட்டுவிடும். 'இனிட் சிஆர்சி லெங்த்'தை 1024 ஆக்கு. கூகுளில் தேடினால் 'சிஆர்சி சால்ட்'டில் சோர்ஸ் போடு என்பார்கள். ரொடேட் ஆகிற ஃபைலுக்குப் போடவே போடாதே. பெயர் மாறினதும் புது ஃபைல் என்று நினைத்து மறுபடி முழுக்கப் படிக்கும், லைசென்ஸ் அளவு எகிறும்.

சில லாக் ஏன் தாமதமாக வருகிறது என்று நீ கேட்டதற்கு மேட்டூர் அணைக் கணக்குத்தான். தினமும் பேப்பரில் நீர்மட்டம் 120 அடி என்று மட்டும் போட்டால் உங்கப்பா திருப்திப்படுவாரா? நீர்வரத்து எத்தனை கனஅடி, வெளியேற்றம் எத்தனை என்று பார்க்காமல் பேப்பரை மடிக்கமாட்டார். இன்டெக்ஸரிலும் அப்படித்தான். பார்சிங், அக்ரிகேஷன், டைப்பிங், இன்டெக்ஸ் என்று கியூக்கள் (லாக் காத்திருக்கும் இடங்கள்) வரிசையாக இருக்கின்றன. கடைசிக் கியூ நிரம்பினால் அதற்கு முந்தினது நிரம்பும், அப்படியே பின்னோக்கி வந்து ஃபார்வர்டரின் அவுட்புட் கியூ வரை அடைக்கும். அப்போது அதன் லாக்கில் இத்தனை செகண்டாக அனுப்ப முடியவில்லை என்று 'பிளாக்டு' வரி விழும். அதைப் பார்த்து எல்லாரும் ஃபார்வர்டரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். குற்றம் அங்கே இல்லை. மெட்ரிக்ஸ் லாக்கில் கியூ வரிகளைப் பார்த்து, நிரம்பினவற்றில் எது கடைசியோ அங்கே போ. இன்டெக்ஸ் கியூ என்றால் பெரும்பாலும் டிஸ்க் மெதுவாக இருக்கிறது. டைப்பிங் வரைக்கும்தான் அடைப்பு என்றால் யாரோ எழுதின கனமான ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதி). அக்ரிகேஷனில் நின்றால் வரிகளைச் சேர்ப்பதிலோ நேரத்தைக் கண்டுபிடிப்பதிலோ சிக்கல்.

கியூவெல்லாம் காலியாக இருந்தும் ஒரு சர்வர் மட்டும் பின்தங்கினால், அதன் வேகக் கட்டுப்பாட்டைப் பார். யுனிவர்சல் ஃபார்வர்டர் தானாகவே செகண்டுக்கு 256 கேபிக்கு மேல் அனுப்பாது. நாளுக்குச் சுமார் 21 ஜிபி. உங்கள் ப்ராக்ஸி சர்வர் அதற்கு மேல் எழுதுகிறது என்றால், அது என்றைக்கும் ஓடிப் பிடிக்கவே பிடிக்காது. ரொடேட் ஆகி அழிந்த ஃபைல் படிக்கப்படாமலேயே போய்விடும். லிமிட்ஸ் கான்ஃபில் 'மேக்ஸ் கேபிபிஎஸ்'ஸை 1024 ஆக்கு. பூஜ்யம் என்றால் கட்டுப்பாடே இல்லை. கிளை ஆபீஸ் லைன்களில் அதைப் போடாதே, பில்லிங் நின்றுவிடும்.

தாமதத்தை அளக்க இன்டெக்ஸ் டைமிலிருந்து ஈவன்ட் டைமைக் கழி. கழித்தது கிட்டத்தட்ட 19,800 செகண்ட் என்று வந்தால், கூட்டலோ கழித்தலோ, அது தாமதமே இல்லை. ஐந்தரை மணி நேரம், டைம்ஜோன் கோளாறு. நம் ஊர் நேரத்தை யுடிசி என்று எடுத்துக்கொண்டால் லாக் எதிர்காலத்தில் போய் விழும். கடைசி 15 நிமிடம் என்று தேடுகிறவனுக்கு அது கண்ணிலேயே படாது. ப்ராப்ஸ் கான்ஃபில் 'ஏசியா கொல்கத்தா' என்று டைம்ஜோனைப் போட்டுவிடு.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இங்கே எஸ்டேட்டில் காலையில் செக்ரோல் நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிறார்கள். வந்தவர்களை எண்ணினால் 38 பேர் என்று தெரியும். வராத முருகாயி யார் என்று நோட்டில் பேர் இருந்தால்தான் தெரியும். நீ எழுதின அலர்ட் சர்ச் வந்தவர்களை எண்ணுகிறது. ஸ்டாட்ஸ் கமாண்டுக்கு, ஒரு ஈவன்ட்டும் அனுப்பாத ஹோஸ்ட்டுக்கு வரியே கிடையாது. பூஜ்யம் என்றுகூடக் காட்டாது. அதனால் உனக்கு ஒரு நோட்டு வேண்டும்: ஹோஸ்ட் (சர்வர் பேர்), சோர்ஸ்டைப் (எந்த வகை லாக்), எத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம் என்று மூன்று பத்தி உள்ள லுக்கப் அட்டவணை. அந்தப் பட்டியலை ஸ்ப்ளங்கிலிருந்து எடுக்காதே. விஎம்களை நிர்வகிக்கும் விசென்டரிலிருந்தும் அசெட் ரெஜிஸ்டரிலிருந்தும் எடு. ஸ்ப்ளங்கில் எடுத்தால், என்றைக்குமே வராதவன் அதிலும் இருக்கமாட்டான்.

எல்லாருக்கும் ஒரே கெடு வைக்காதே. ஃபயர்வால் 5 நிமிடம் பேசாமல் இருந்தாலே தப்பு. சம்பள பேட்ச் நாளுக்கு ஒரு தடவைதான் எழுதும், அதற்கு 26 மணி நேரம் வை. டி-ஸ்டாட்ஸ் கமாண்டில் ஹோஸ்ட், சோர்ஸ்டைப் வாரியாகக் கடைசி இன்டெக்ஸ் டைமை எடு, லுக்கப்பை அதன் அடியில் ஒட்டு, மறுபடி ஒருமுறை ஸ்டாட்ஸ் போட்டுச் சேர். நேரம் காலியாக நிற்பவனும், கெடு தாண்டினவனும் வெளியே வருவார்கள். தேடும் காலம் உன் மிக நீண்ட கெடுவைவிடப் பெரியதாக இருக்கட்டும், 2 நாள் போதும். முடிவு நேரத்தை ஒரு நாள் எதிர்காலத்துக்குத் தள்ளிவை, எதிர்காலத்தில் விழுந்தவையும் அகப்படும். சேர்க்கும் முன் ஹோஸ்ட் பேர் எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கி, டொமைன் வாலை வெட்டு. இல்லாவிட்டால் ஒரே சர்வர் இரண்டு பேரில் நின்று, ஒன்று எப்போதும் ஆப்சென்ட் ஆகும்.

அலர்ட்டில் இன்னொரு பத்தி சேர்: அந்த ஹோஸ்ட்டின் இன்டர்னல் லாக் வருகிறதா? வருகிறது என்றால் கோளாறு ஃபைல் பக்கம்: பர்மிஷன், பாதை, சிஆர்சி. வரவில்லை என்றால் சர்வீஸ், நெட்வொர்க், சர்ட்டிஃபிகேட். இந்த ஒரு பத்தியை வைத்தே ராத்திரி 2 மணிக்கு யாரை எழுப்புவது என்று தெரிந்துவிடும். ஒரே சப்நெட்டில் 20 பேர் ஒன்றாக விழுந்தால் 20 மெயில் போகக் கூடாது, ஒரே மெயில் போகட்டும். அநேகமாக யாரோ ஃபயர்வால் ரூலைத் தொட்டிருப்பார்கள்.

சர்ட்டிஃபிகேட் என்றதும் ஞாபகம். ஸ்ப்ளங்க் தானே உண்டாக்கும் சர்ட்டிஃபிகேட்டுக்கு 3 வருஷம்தான் ஆயுள். உங்களுடையதெல்லாம் ஒரே வாரத்தில் இன்ஸ்டால் செய்தவை. அந்தத் தேதியை நாளைக்கே பார், செல்வம். விழுந்தால் எல்லாம் ஒன்றாக விழும்.

நீ ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள். அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 11 நாள் லாக் போனதற்கு நீ பொறுப்பில்லை, சேர்ந்தே 9 நாள்தான் ஆகிறது. ஆடிட்டில் அதை அப்படியே எழுத்தில் சொல். ரொடேட் ஆன பழைய ஃபைல்கள் இன்னும் டிஸ்க்கில் இருந்தால் அழிக்கவிடாமல் உடனே தனி ஃபோல்டருக்கு நகல் எடுத்துவை, ஒன்ஷாட்டாக (ஒரே தடவையில்) ஏற்றிவிடலாம். லாக்ரொடேட்டில் 14 நாள் என்று இருந்ததைப் பார்த்தேன், அதனால் உனக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கிறது.

அதை முடித்துவிட்டு, ஜியுஐடி எண்ணிக்கையை எனக்கு அனுப்பு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வா, லுக்கப்பை இங்கே உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம். வரும்போது நம்ம கடையில் தட்டுவடை செட் ஆறு கட்டி வாங்கி வா. சட்னியைத் தனியாகக் கட்டச் சொல், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் நமுத்துப்போகும்.

உன்,
ரவி