பத்து லட்சமும் பன்னிரண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பகுதியில், "சிலிக்கான் க்யூபிட் மிகச் சிறியது என்பதால், செல்போன் சிப் தயாராகும் அதே ஆலையில் பத்து லட்சம் க்யூபிட்டுகளை ஒரே மூச்சில் அச்சடித்துவிடலாம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு.) அச்சடிப்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டத்தகடான 300 மில்லிமீட்டர் வேஃபரில், எலெக்ட்ரானைச் சிறைப்பிடிக்கும் 'குவாண்டம் புள்ளி' என்ற நுண்ணிய இடங்களை உருவாக்கித்தான் இன்டெல் நிறுவனம் 2023இல் 'டனல் ஃபால்ஸ்' சிப்பை வெளியிட்டது. அந்தச் சிப்பில் இருந்தவை 12 க்யூபிட்டுகள் என்பதைக் கட்டுரையாளர் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்.

தாங்கள் அறியாததல்ல, சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் ஒரேயொரு எலெக்ட்ரானை நிறுத்திவைக்க, அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கேட்டுக்கும் (நுண்ணிய மின்முனைக்கும்) தனி மின்னழுத்தம் தர வேண்டும். ஆக்ஸைடு அடுக்கில் ஆங்காங்கே சிக்கிய மின்னேற்றத்தால், ஒரு புள்ளிக்குச் சரியான அளவு அடுத்த புள்ளிக்குச் சரிப்படாது. ஆகவே மெமரி சிப்பில் செய்வதுபோல ஒரு வரிசை முழுவதற்கும் ஒரே கம்பியைப் பொதுவாக்குவதும் எளிதாக இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் அதை 16 புள்ளிகளில் செய்துகாட்டியதும் ஜெர்மானியம் என்ற வேறொரு குறைகடத்தியில்தான், சிலிக்கானில் அல்ல.

ஓய்வு பெறும்வரை ஒரு தாழ்வெப்ப ஆய்வகத்தில் கம்பி இறக்கும் வேலை பார்த்தவன் நான். இத்தகைய சிப்புகள் குளிரூட்டியின் அடியில், தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் இயங்குபவை; அவற்றுக்கு மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு கம்பியும் அறையின் வெப்பத்தைக் கூடவே கொண்டுவரும். வெப்பத்தை அதிகம் கடத்தாத மாங்கனின் என்ற கலப்புலோகக் கம்பியைக் குளிரூட்டியின் ஒவ்வொரு தட்டிலும் செம்புத் துண்டில் சுற்றி, வார்னிஷ் பூசி ஒட்டி, அந்த வெப்பத்தை வழியிலேயே இறக்கிவிட வேண்டும். இருபது மில்லிகெல்வினில், அதாவது தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கில், குளிரூட்டி வெளியேற்றக்கூடியது ஒரு வாட்டில் லட்சத்தில் சில பங்கு மட்டுமே. கூடுதலாக ஒரு கம்பி கேட்டு வந்த மாணவர்களிடம், "எதைக் கழற்றட்டும்?" என்றுதான் நான் கேட்பேன். ஒரு கெல்வினுக்கு மேலேயே க்யூபிட்டை இயக்க முடியும் என்று டெல்ஃப்ட், சிட்னி குழுக்கள் 2020இல் காட்டியதன் அருமையும் இதில்தான் இருக்கிறது: அங்கே குளிரூட்டும் திறன் பன்மடங்கு அதிகம் என்பதால், கட்டுப்பாட்டு மின்சுற்றையே சிப்பின் அருகில் வைக்க வழி பிறக்கும். தங்கள் கட்டுரையில் இதற்கு அரை வரிகூட இல்லை.

இது முதல் முறையும் அன்று. முன்பொரு முறை, சரவிளக்கைப் போன்ற பொன்னிறக் குளிரூட்டியின் படத்தை அட்டையில் போட்டு, அதையே 'குவாண்டம் கணினி' என்றீர்கள். அதற்கும் முன்பு, இக்கணினி எல்லா விடைகளையும் ஒரே நொடியில் கண்டுவிடும் என்று எழுதினீர்கள். அதை மறுத்து நான் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தில், தங்கள் இதழை விரும்பிப் படிப்பதாகச் சொன்ன முதல் வரியை மட்டும் 'பாராட்டு மழை' என்ற தலைப்பில் வெளியிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

'டனல் ஃபால்ஸ்' சிப்பில் இருந்தவை 12 க்யூபிட்டுகள் என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடக் கோருகிறேன். அறிவியல் பகுதியில் இடமில்லையென்றால், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்