அப்பாவின் குடல் முறுக்கைப் பிரித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பா நலமாக இருக்கிறார். தையல் பிரித்தாகிவிட்டது, பசியெடுத்துச் சாப்பிடுகிறார், மலம் சிரமமில்லாமல் போகிறது. இப்படிப் பொதுவில் எழுதக் கூச்சமில்லை. அவருக்கு வந்த நோயில் நாங்கள் எல்லோரும் காத்திருந்த செய்தி அதுதான்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுக்கு மலச்சிக்கல் புதிதல்ல. ஆனால் அன்று வயிறு விம்மி இறுகிப்போய், வலியில் அவர் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார். உறவினர் ஒருவர் பேதி மருந்து கொடுக்கலாம் என்றார். அக்கா அப்பாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "காத்துப் பிரிஞ்சுதா மாமா?" இல்லை என்றதும், "வாயில எதுவும் கொடுக்காதீங்க, உடனே கிளம்புங்க" என்று வண்டிக்குச் சொன்னார். மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் வயிறு உப்பினால் அது வெறும் மலச்சிக்கல் இல்லை, குடல் அடைப்பாக இருக்கலாம். அடைபட்ட குடலைப் பேதி மருந்தால் உந்துவது ஆபத்து. இதை நாங்கள் பிறகு தெரிந்துகொண்டோம். அக்காவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அவசரப் பிரிவு மருத்துவருக்கு நன்றி. ட்ரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பெருங்குடல் முறுக்கிக்கொண்டதை உறுதிசெய்தார். அத்தனை அவசரத்திலும் அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். மலக்குடலுக்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதி சிலருக்கு வயதாக ஆக, நாள்பட்ட மலச்சிக்கலால் நீண்டு தொங்கிவிடுமாம். அதைப் பின்சுவரோடு பிணைக்கும் சவ்வின் அடிப்பகுதி குறுகலாக இருந்தால் ஆபத்து. இரண்டு கயிறுகளையும் மேலே நெருக்கிக் கட்டிய ஊஞ்சல் எளிதில் சுற்றிக்கொள்வதைப் போல அந்த வளையமும் சுற்றிக்கொள்ளும். வழி அடைபடும், முறுக்கு இறுகினால் ரத்தக் குழாய்களும் நெரிபட்டுக் குடல் அழுகத் தொடங்கும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கும், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கும், சில மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம் என்றார்.

எண்டோஸ்கோப்பி மருத்துவர் ஆசனவாய் வழியாக வளையும் குழாயைச் செலுத்தி முறுக்கைப் பிரித்தார். அடைபட்டிருந்த காற்று வெளியேறியதும் அப்பாவின் முகம் தெளிந்ததை நாங்கள் பார்த்தோம். "உள்சவ்வு நல்ல நிறமா இருக்கு, கருக்கலை" என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா தண்ணீரே குடித்தார். மீண்டும் காற்று சேராதிருக்க ஒரு குழாயை உள்ளேயே விட்டுவைத்தார்கள். வயிற்றைத் திறக்காமல் இப்படிப் பிரிக்கலாம் என்று 1947இல் எழுதிய புரூஸ்கார்ட் என்ற மருத்துவருக்கும் இங்கே ஒரு வணக்கம். முறுக்கு பெருங்குடலின் தொடக்கத்தில் விழுந்திருந்தால் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது, அறுவை சிகிச்சைதான்.

அறுவை மருத்துவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. வயிறு வற்றியதும் அப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மருத்துவர் கட்டிலருகே உட்கார்ந்து, "முறுக்கைத்தான் எடுத்திருக்கோம் ஐயா. முறுக்கிக்கிற குடல் அப்படியேதான் இருக்கு" என்றார். அறுவை செய்யாமல் விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், திரும்ப வருகிறது. அடுத்த முறை நேரத்துக்கு வந்துசேர முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. குடல் அழுகிய பின் செய்யும் அவசர அறுவையில் உயிராபத்து பல மடங்கு. வெட்டாமல் தைத்து நிறுத்தினால் போதாதா என்று அம்மா கேட்டதற்கும், அப்படிச் செய்தால் மறுபடி முறுக்க வாய்ப்பு அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். முடிவை அப்பாவிடமே விட்டார். அப்பா தானே சம்மதித்தார். அதே தங்கலிலேயே நீண்ட பகுதியை அகற்றி, இரு முனைகளையும் இணைத்தார்கள்.

வார்டு நர்ஸுகளே, பார்க்கின்சன் மாத்திரை நேரம் ஒருவேளைகூடத் தப்பவில்லை. வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு அவருக்கு ஆகாது என்று அட்டையில் பெரிதாக எழுதி வைத்தீர்கள். வலியோடு இருந்தவரைக் கைத்தாங்கலாக நடக்கவும் வைத்தீர்கள். அப்பா உங்களைத் தினமும் கேட்கிறார்.

பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் என்ன சொல்வது? அவருக்குக் குடல் கருத்துப்போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அழுகிய பகுதியை அகற்றி, மேல் முனையை வயிற்றுச் சுவரில் திறந்து பை மாட்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து நிலைமையைப் பார்த்து மறுபடி இணைக்க முயல்வார்களாம். அறுவைக்கு முந்தைய இரவு அப்பா பயந்து கிடந்தபோது, "எனக்குப் பை வந்திருக்கு, ஆனா நான் இருக்கேன்ல ஐயா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை பேசிக்கொண்டிருந்தவர் நீங்கள்தான், அண்ணா. உங்கள் மறு அறுவைக்குத் தேதி குறித்ததும் சொல்லுங்கள். கூட இருக்க நான் வருகிறேன்.

நன்றியுடன்,
மகள்