இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

நலம். மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து மகிழ்ந்தேன். அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகப் பதவியை விட்டுவிட்டு என்னைப் போல லீடர்ஷிப் கன்சல்டிங், அதாவது மேலாளர்களின் தலைமைத் திறனை வளர்க்க நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் பக்கம் வரலாமா என்கிறாய். வரலாம். ஆனால் மேலாளர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் இந்த வேலை என்று நினைத்து வராதே. ஆலோசனை நிறுவனத்தில் பதவி உயர உயர வகுப்பறை விலகிப்போகும். பார்ட்னர் ஆகிவிட்டால் புது வாடிக்கையாளரைப் பிடிப்பதும் பழையவர் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் பிழைப்பு. பயிற்சி தருவதைவிட ப்ரபோசல் எழுதுவதில்தான் இப்போது என் நேரம் அதிகம் போகிறது. பயணம் வேறு. உலகப் புகழ்பெற்ற நிர்வாக ஆலோசகர் ராம் சரண் (நடிகர் இல்லை) பல ஆண்டுகள் வீடே வைத்துக்கொள்ளாமல் ஹோட்டல்களிலேயே வாழ்ந்தவர். முதல் வீடு வாங்கும்போது அறுபதைத் தாண்டியிருந்தார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை, வீட்டில் விடவும் மாட்டார்கள்.

உன் பதவியும் அனுபவமும் முதல் சந்திப்பு வரை கொண்டுபோய் விடும். அப்புறம் அவற்றைப் பற்றிப் பேசும் ஆசையை அடக்க வேண்டும். "நான் அந்த இடத்தில் இருந்தபோது..." என்று ஆரம்பித்தாலே எதிரே இருப்பவர் யோசிப்பதை நிறுத்திவிடுவார். அதனால் கோச்சிங்கை, அதாவது அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்டு எதிரே இருப்பவரையே யோசிக்க வைக்கும் கலையை, முறையாகப் படி. சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தரும் சான்றிதழின் மூன்று படிநிலைகளுக்கு முறையே 100, 500, 2,500 மணி நேர கோச்சிங் அனுபவம் காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாமலே அருமையாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் பல கம்பெனிகளின் ஹெச்.ஆர். முதலில் அதைத்தான் கேட்கும்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குச் சிக்கலாக இருப்பது வேறொன்று. பணம் தருவது கம்பெனி, மனம்விட்டுப் பேசுவது அதன் மேலாளர். நீ யாருடைய ஆள்? 360 டிகிரி ஃபீட்பேக், அதாவது அந்த மேலாளரைப் பற்றி மேலே, கீழே, பக்கத்தில் வேலை செய்கிற எல்லாரிடமும் கருத்துக் கேட்பது முடிந்ததும் அவருடைய மேலதிகாரி உன்னைத் தனியே அழைத்து, "ஆள் எப்படி? ப்ரமோஷன் தரலாமா?" என்பார். சாதாரணமாகத்தான் கேட்பார். நீ வாய் திறந்தாயோ, அந்த மேலாளர் அதன்பின் உன்னிடம் ஒப்புக்குத்தான் பேசுவார். அதனால் ஆரம்பத்திலேயே மூவருமாக உட்கார்ந்து, இலக்கும் முன்னேற்றமும் மேலதிகாரிக்குத் தெரியலாம், பேசிய பேச்சு தெரியக் கூடாது என்று எழுதிக்கொள்வேன். இதற்கு ஒப்பாத ஒரு பெரிய வாடிக்கையாளரை விட்டுவிட்டேன். எங்கள் ஆபீஸில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

பயிற்சியின் பலனை எப்படி அளப்பது என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு நிலைகள் சொல்லிவிட்டார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பெரும்பாலும் கடைசி நாள் மாலையில் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி முதல் நிலையோடு கடையைக் கட்டுகிறோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்க நாங்கள் தயார்தான், அதற்குப் பட்ஜெட் ஒதுக்குகிறவர்கள்தான் குறைவு.

ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு. முதலில் உன் ஆபீஸிலேயே, உனக்குக் கீழே வேலை செய்யாத ஒருவருக்கு சில மாதம் கோச்சாக இருந்து பார். அறிவுரை சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று எனக்கு எழுது. கல்லூரி நாட்களில் உன்னால் ஐந்து நிமிடம்கூட முடிந்ததில்லை!

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்