பெரால்டாவை விற்றுவிடுவார்களா?

மில்வாக்கி, விஸ்கான்சின்
28.12.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். போனில் விளக்கமாகப் பேசலாம் என்றால் பாதியிலேயே சித்தி வாங்கிக்கொண்டு, "குளிருக்கு என்ன போடுற, காது மூடுறியா" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பியதிலிருந்து நீங்கள் சென்னை அணியின் பெயரையே எடுப்பதில்லை என்று தம்பி சொன்னான். சஞ்சு சாம்சன் ஒருவருக்காக ஜடேஜாவோடு சாம் கரனையும் சேர்த்துக் கொடுப்பார்களா, 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்தை மறந்துவிட்டார்களா என்று வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டீர்களாம். நான் இப்போது இருக்கிற ஊரில் மூன்று நான்கு வருஷமாக இதே பேச்சுதான். நீங்கள் வந்தால் சுலபமாக ஐக்கியமாகிவிடுவீர்கள்.

ஊர் இப்போது வெள்ளையாகக் கிடக்கிறது. மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று வந்தால் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். காலையில் காரின் மேல் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஃபேக்டரிக்குக் கிளம்ப வேண்டும். பேஸ்பால் மார்ச் கடைசியில்தான் தொடங்கும். ஆனால் எங்கள் கேன்டீனில் பேச்சு ஓய்வதில்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் ஆபீஸ்காரர்கள் ஆடுகிறார்கள் என்பார்கள் இங்கே. யாரை விற்பது, யாரை வாங்குவது எல்லாம் இந்தக் குளிர்காலத்தில்தான் முடிவாகும். இந்த வருஷத்துக் கேள்வி: ஃப்ரெடி பெரால்டாவை விற்றுவிடுவார்களா?

பெரால்டா எங்கள் மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் முதல் பிட்சர். பந்து வீசுபவரை இங்கே பிட்சர் என்கிறார்கள். இந்த வருஷம் அவர் கணக்கில் 17 வெற்றி, 204 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமல் வெளியேற்றுவது) செய்திருக்கிறார். இங்கே இருக்கும் இரண்டு லீகில் எங்களுடையது தேசிய லீக், அதில் வேறு யாருக்கும் இத்தனை வெற்றி இல்லை. 2026-க்கு அவர் சம்பளம் 80 லட்சம் டாலர். நமக்குத் தலை சுற்றும், ஆனால் அந்தத் தரத்துப் பிட்சருக்கு இது சல்லிசு. 2020-ல் யாரென்றே தெரியாத பையனாக இருந்தபோது போட்ட நீண்ட ஒப்பந்தம் அது. அதே அணியின் இன்னொரு பிட்சர் பிராண்டன் உட்ரஃபுக்கு வரும் ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர். இருவரையும் வைத்துக்கொள்ளக் கஜானா தாங்குமா என்பதில்தான் சண்டை தொடங்குகிறது. 2026 முடிந்தால் பெரால்டா சுதந்திரப் பறவை. வேண்டிய அணிக்குப் போகலாம், மில்வாக்கிக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆகவே இப்போதே விற்றால்தான் விலை என்பது ஒரு கட்சி.

எந்தப் பெரிய ஆட்டக்காரரும் ஒரே இடத்தில் நிற்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். முதல் ஆறு வருஷம் ஆட்டக்காரன் அணிக்குக் கட்டுப்பட்டவன், அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சந்தை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் அணிகள் டிவி உரிமையில் கொட்டும் பணத்தில் அந்தச் சந்தையில் வாங்குகின்றன. மில்வாக்கி இந்த லீகிலேயே மிகச் சிறிய சந்தை. ஊரில் ஐந்தரை லட்சம் பேர்தான் இருப்பார்கள். இருந்தும் வருஷத்துக்கு 25 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்கிறது. அதை இந்த ஊர்க்காரர்கள் மார்தட்டிச் சொல்வார்கள்.

எங்கள் ஷிப்டில் வெல்டிங் செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். 1982-ல் இந்த அணி கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய் செயின்ட் லூயிஸிடம் தோற்றபோது பள்ளிக்கூடப் பையனாம். அதற்குப் பிறகு உலகத் தொடர்ப் பக்கமே அணி போகவில்லை. கோப்பை ஒன்றுகூட இல்லை. நல்ல பிட்சரை விற்கவே கூடாது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி, கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இருவரும் மதிய உணவில் உட்கார்ந்தால் எங்களுக்கு சினிமாவே வேண்டாம்.

பெரியவர் எப்போதும் கார்பின் பர்ன்ஸ் கதையில்தான் ஆரம்பிப்பார். 2021-ல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர் பர்ன்ஸ். அந்தப் பருவத் தொடக்கத்தில் தவறாக வீசி ஒருவரையும் இலவசமாக முதல் பேஸுக்கு நடக்க விடாமல் 58 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2023 பிப்ரவரியில் சம்பளத் தகராறு நடுவர் முன்னால் போனது. பர்ன்ஸ் கேட்டது 1 கோடியே 7.5 லட்சம் டாலர், அணி சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். அந்த வழக்கில், ஆட்டக்காரர் அறையில் இருக்கும்போதே, அவருக்கு ஏன் அவ்வளவு தரக்கூடாது என்று அணியின் ஆட்கள் வாதாட வேண்டும். அது விதி. அணி ஜெயித்தது. முந்தைய வருஷம் பிளே-ஆஃபுக்குப் போகாததற்குத் தன்னையே காரணமாகக் காட்டினார்கள் என்று பர்ன்ஸ் வெளியே வந்து வருத்தத்தோடு சொன்னார். ஏழு லட்சம் டாலருக்காகச் சொந்த வீட்டுப் பிள்ளையின் மனதை உடைத்தார்கள் என்பது பெரியவரின் வழக்கு. ஒரு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், பால்டிமோருக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தது ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால் என்ற இரண்டு இளைஞர்கள், கூடவே இளம் ஆட்டக்காரர் தேர்வில் 34-வது வாய்ப்பு.

அந்த நேரத்தில் ஊரே அழுதது. கோச் கிரெய்க் கவுன்செல் அதற்குச் சில மாதம் முன்புதான் பக்கத்து ஊர் சிகாகோ கப்ஸுக்கு ஐந்து வருஷம் 4 கோடி டாலர் என்று போயிருந்தார். அவர் இந்த ஊர்ப்பக்கத்துப் பையன் என்பதால் அந்தக் காயம் வேறு. இனி அணி முடிந்தது என்றார்கள். அந்த வருஷம் 93 வெற்றி, பிரிவில் முதலிடம்! ஆட்டக்காரர்களை விற்று வாங்கும் ஆபீஸின் தலைவர் மேட் ஆர்னால்டுக்கு 2024-ன் சிறந்த நிர்வாகி விருது கிடைத்தது. பர்ன்ஸ் பால்டிமோரில் அற்புதமாக வீசினார். பிளே-ஆஃபில் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டை வீசி ஒரே ரன் கொடுத்தும் 1-0 என்று தோற்றார்கள். பிறகு ஆறு வருஷம் 21 கோடி டாலருக்கு அரிசோனா போனார். 2025 ஜூனில் முழங்கை அறுவைச் சிகிச்சை. கணக்குப் பிரிவுப் பெண் இந்த இடத்தில் பேசவே மாட்டாள். சும்மா சாண்ட்விச்சைக் கடிப்பாள். பெரியவருக்கு அதுதான் எரிச்சல்.

அவள் கையில் இன்னொரு கதையும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் தேதி, அணி முதலிடத்தில் இருக்கும்போதே ஜோஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பதில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. டிரெஸ்ஸிங் ரூமே இடிந்துபோனதாகச் சொல்வார்கள். பதிலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவரை ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் சில நாளில் கழற்றிவிட்டார்கள். அணி ஒரே ஒரு வெற்றி குறைந்து பிளே-ஆஃபைத் தவறவிட்டது. கேவலம்தான். ஆனால் அந்த நால்வரில் எஸ்டியூரி ரூயிஸ் என்ற பையனை டிசம்பரில் ஓக்லண்டுக்குத் தள்ளி, மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் வில்லியம் கொன்ட்ரேராஸைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அணியின் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி), லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் போட்டிக்குப் போனவர். பெரியவர் இதைக் கேட்டால், "அந்த 2022-ஐ யார் திருப்பித் தருவார்கள்?" என்பார். அதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

டெவின் வில்லியம்ஸ் கதை சின்னது, ஆனால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஹேடருக்குப் பிறகு கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தவர் அவர். அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டு நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் வாங்கினார்கள். இந்த வருஷம் யாங்கீஸின் ஊரிலேயே கோர்டெஸ் வீச வந்தார். முதல் மூன்று பந்தும் மூன்று ஹோம் ரன், நம் சிக்சர் மாதிரி! ஆர்னால்டுக்கு அறிவே இல்லை என்று கேன்டீன் தீர்ப்பு எழுதியது. வருஷக் கடைசியில் பார்த்தால், ஐந்தடி ஆறங்குல டர்பின் சிறந்த புதுமுகம் போட்டியில் மூன்றாமிடம். வில்லியம்ஸ் நியூயார்க்கில் திணறியதுதான் மிச்சம். அவர் தாடியோடு போனதால், அரை நூற்றாண்டாகத் தாடிக்குத் தடை வைத்திருந்த யாங்கீஸ் அந்த விதியைத் தளர்த்தியது ஒன்றுதான் அவரால் நடந்த பெரிய காரியம் என்று இங்கே கேலி செய்வார்கள்.

எனக்கு முதலில் பெரியவர் சொல்வதுதான் சரியாகப் பட்டது. இப்போது சாய்வு கொஞ்சம் மாறியிருக்கிறது. கிரிக்கெட்டில் பும்ரா போன்றவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் வீசலாம். இங்கே முதல் வரிசைப் பிட்சருக்கு ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வேலை. 162 ஆட்டத்தில் 32, 33-ல்தான் அவர் தலை தெரியும். பர்ன்ஸுக்குப் பதிலாக வந்த ஓர்டிஸ் அநேகமாகத் தினமும் களத்தில் நிற்கிறான். முழங்கை எப்போது போகும் என்றும் சொல்ல முடியாது. நீண்ட பருவத்துக்கு ஆபீஸின் கணக்குதான் சரி. 2025-ல் 97 வெற்றி, முப்பது அணிகளில் எவருக்கும் இத்தனை இல்லை. ஆகஸ்டில் தொடர்ந்து 14 ஆட்டம் ஜெயித்தார்கள். ஜார்ஜ் வெப் என்று இங்கே ஒரு பழைய உணவகம், புரூவர்ஸ் வரிசையாக 12 ஜெயித்தால் ஊருக்கு இலவச பர்கர் என்று பல காலமாகச் சொல்லிவைத்திருக்கிறது. 1987, 2018-க்குப் பிறகு இந்த வருஷம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து எங்கள் ஆட்கள் அந்த வரிசையில் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும், பொங்கல் பரிசு டோக்கன் வாங்கிய கூட்டம் தோற்றது.

ஆனால் அக்டோபர் வேறு. பருவத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் ஆடிய ஆறு ஆட்டத்தையும் மில்வாக்கிதான் ஜெயித்தது. லீக் இறுதித் தொடரில் அதே டாட்ஜர்ஸ் நான்கு ஆட்டத்திலும் அடித்துப் போட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்களுக்கு ஒரே ஒரு ரன். முதல் நாள் ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், இரண்டாம் நாள் யமமோட்டோ முழு ஒன்பது, கடைசி நாள் ஓதானி பத்து ஸ்ட்ரைக் அவுட்டும் மூன்று ஹோம் ரன்னும். மூவருமே கோடிகளைக் கொட்டி வாங்கப்பட்டவர்கள். பெரியவர் மேசையைத் தட்டி, "பார், அக்டோபரை ஜெயிப்பது நட்சத்திரப் பிட்சர்தான்" என்றார். அவள் அமைதியாக, "நாம் தோற்றது ரன் எடுக்காமல். பெரால்டாவைக் கொடுத்து ஒரு பேட்ஸ்மேனை வாங்கு" என்றாள். இரண்டுமே சரி என்பதுதான் கொடுமை. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி வீசும் மிசியராவ்ஸ்கி என்ற இளைஞன் வந்துவிட்டான் என்ற தைரியம் அவளுக்கு. ஐந்தே ஆட்டம் வீசிய கையோடு ஆல்-ஸ்டார் போட்டிக்கு அழைக்கப்பட்டவன் அவன்.

என்னைக் கேட்டால் பெரால்டாவை இந்த ஒரு வருஷம் வைத்துக்கொள்வேன். கணக்கு எதிராக இருப்பது தெரிந்தேதான் சொல்கிறேன். 97 வெற்றி எடுத்த அணி இன்னும் எதற்காகச் சேமிக்க வேண்டும்? பெரால்டாவே 2015 டிசம்பரில், 19 வயதில், சியாட்டிலிலிருந்து இப்படி ஒரு பரிமாற்றத்தில் வந்தவர்தான். அன்றைக்குச் செய்த நல்ல வியாபாரத்தை ஒரு முறையாவது கடைசி வரை வைத்து அனுபவிக்கட்டுமே.

இன்னொன்று உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஐ.பி.எல்-லில் டிரேட் நடக்க ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜா தலையாட்டாமல் அது நடந்திருக்காது. இங்கே அது கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். அல்லது மேஜர் லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்திருக்க வேண்டும். பெரால்டாவுக்கு அந்த பத்து இன்னும் ஆகவில்லை. ஒரு போன் வரும், நாளைக்கு வேறு ஊர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை வீடு, எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பெனி மாறும்போது எனக்கே விசாவை நினைத்து எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று உங்களுக்குத் தெரியும். ஆபீஸின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டும்போது இது என் தொண்டையில் நிற்கிறது.

ஜூனில் நீங்களும் சித்தியும் வரும்போது ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஏப்ரலிலும் ஆட்டம் உண்டு, கூரையை மூடிக்கொண்டு ஆடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவதுதான் பாதித் திருவிழா. அதற்கு வெயில் வேண்டும். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேஷம் போட்ட ஐந்து பேர் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். ஆட்டம் புரியாவிட்டாலும் அது சித்திக்குப் பிடிக்கும். விசா நேர்காணலுக்குத் தம்பி தேதி எடுத்துவிட்டானா என்று கேட்டுச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அழைப்புக் கடிதத்தில் எண்ணைச் சரியாக எழுத வேண்டும்.

ஸ்டேடியம் கடையில் ஆட்டக்காரர் பெயர் போட்ட சட்டை விற்கும். பர்ன்ஸ் சட்டையை இன்னும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பார்த்தேன். ஜூனில் பெரால்டா எந்த ஊரில் இருப்பார் என்று தெரியாததால் பெயர் இல்லாத சட்டையாக வாங்கியிருக்கிறேன். அளவு 42 சரிதானே?

அன்புடன்,
உங்கள் பாப்பா