கட்ட வேண்டாம் என்றவருக்கும், கட்டித் தந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

ஹப்புத்தளைக்குக் கீழே, சவுக்கும் யூகலிப்டஸும் அடர்ந்த சரிவில் எங்கள் வீடு எழும்பி, தை மாதம் பால் காய்ச்சிக் குடிபுகுந்தும் ஆயிற்று. வந்து வாழ்த்தியவர்களுக்கு அன்றே கைகூப்பி விட்டோம். ஆனால் வீட்டை எழுப்பியவர்களில் பாதிப் பேரை அன்று காணவில்லை. சிலருக்கு வேலை, சிலருக்கு அந்த ஏற்றம் ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை, சிலருக்கு நாங்கள் சொல்லி அனுப்பியதே போய்ச் சேரவில்லை. இந்த மடல் அவர்களுக்காக. பெயர் போடவில்லை. ஒருவர் பெயர் வந்து இன்னொருவர் பெயர் விடுபட்டால் அடுத்த தீபாவளி வரை அம்மாதான் பதில் சொல்ல வேண்டிவரும். யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, கட்ட வேண்டாம் என்று சொன்னவருக்கு.

பதுளை மாவட்டத்தில் மலைச்சரிவில் வீடு கட்ட நினைப்பவர்கள், பிரதேச சபையில் வரைபடம் பாஸ் ஆகும் முன்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பெற வேண்டும். இதை இன்னொரு கையெழுத்து, இன்னொரு அலைச்சல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் காணிக்கு வந்த அதிகாரி பாதையில் நின்றபடி எழுதிக்கொண்டு போகிறவர் இல்லை. அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் பார்த்து வைத்திருந்தது மேலே இருக்கும் மேடு. தெளிந்த நாளில் அங்கே நின்றால் தெற்கே சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். குடும்பத்தில் அந்த இடத்தை விரும்பாதவர் இல்லை. மச்சான் மொட்டை மாடி வரைக்கும் மனதுக்குள் கட்டி முடித்திருந்தார்.

அதிகாரி மரங்களைக் காட்டினார். பல மரங்களின் அடி அரிவாள் போல வளைந்து, அப்புறம் நேராக எழுந்திருந்தன. மண் மெதுவாகக் கீழே ஊரும்போது மரம் சாய்கிறது, நுனி வெளிச்சத்தைத் தேடி மறுபடி நிமிர்கிறது, அதனால் வந்த வளைவு இது என்றார். கொஞ்சம் கீழே, காற்றடிக்கும் ஆவணி மாதத்திலும் காயாத ஈரத் தரை. அதற்குப் பக்கத்தில் வெட்டிப் பார்த்தால் உருண்டைக் கல்லும் பொல பொலவென்ற மண்ணும் கலந்து வந்தன. அது அந்த இடத்தில் பிறந்த மண் இல்லை, எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து நின்ற மண். "இப்போது நிற்கிறது. வெட்டிச் சீண்டினால் நிற்குமா என்று என்னால் எழுதித் தர முடியாது" என்றார். நாங்கள் முகம் சுருங்கி நின்றதைப் பார்த்தோ என்னவோ, அத்தோடு போய்விடாமல் எங்களுடன் காணி முழுக்க நடந்து, பாறை தலை காட்டும் கிழக்குப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் போனார். அது அவர் வேலையில் சேராது. வீடு இன்று நிற்பது அங்கேதான்.

அப்பா அன்று எதுவும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும் "மீரியபெத்தையில் யாரும் வந்து மரத்தைக் காட்டியிருந்தால்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியபோது, அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களைத் தேடிப் போனவர் அவர். அதன் பிறகு மேட்டுப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கொட்டிய மழையில் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கங்களில் என்ன நடந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. எங்கள் மேட்டில் மட்டும் ஒரு கல்லும் உருளவில்லை. மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பக்கத்துச் சரிவுகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்த அதிகாரி சொன்னது ஒரு எழுத்தும் குறையவில்லை.

அடுத்து, வீட்டை வரைந்த தங்கை. கண்டியிலிருந்து வந்தவர், வயதில் எனக்கு இளையவர், அதனால் தங்கை. வேறு இரண்டு பேர் ஏற்கெனவே வரைந்து தந்திருந்தார்கள். இரண்டுமே கொழும்பில் கட்டுகிற வீடு, சுற்றிலும் மரம் மட்டும் கூடுதல். இவர் முதலில் பென்சிலையே எடுக்கவில்லை. அம்மா வாழ்ந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்ற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற சின்ன விறாந்தை, அதற்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் விருந்தாளியும். அதைப் பார்த்தால் பெரிய பெரிய அறைகள்தான் எங்களுக்குத் தேவை என்று நினைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவிடம் கேட்டது வேறு: "இங்கே எதை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனம் வராது?"

அம்மா யோசிக்கவே இல்லை. இஸ்தோப்பு, விறகடுப்பு, பீலி. இந்த மூன்றையும் வைத்துத்தான் மற்றதெல்லாம் வரையப்பட்டது. இஸ்தோப்பு வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க ஓடுகிறது, காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். விறகடுப்புக்குத் தனிப் புகைக்கூண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து வரும் மிலாறுக் குச்சி அடுக்க அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த மூலை. பின்னால் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஒரு பீலி. குளியலறைக்குள் சுடுதண்ணீர் வசதி இருக்கிறது, ஆனாலும் அப்பா இன்றைக்கும் பீலியில்தான் குளிக்கிறார்.

தாளில் வரைந்ததை அம்மாவுக்கு விளங்கப்படுத்த முடியாமல் நான் திணறியபோது, அந்தத் தங்கை மிலாறுக் குச்சிகளை வாங்கித் தரையிலேயே சுவர் சுவராக அடுக்கிவிட்டார். அம்மா குச்சிச் சமையலறைக்குள் போய் நின்று, கையை நீட்டிப் பார்த்து, "இந்தச் சுவரைத் தள்ளும்மா" என்றார். தள்ளினார்கள். அந்தச் சுவர் இன்று நிற்பது அம்மா சொன்ன இடத்தில். சரிவை வெட்டித் தரை சமப்படுத்தாமல், வீட்டைப் படிப்படியாகச் சரிவோடு இறக்கியதும், கீழ்ப்பக்கத்தைத் தூண்களில் நிறுத்தியதும் அவர் யோசனையே. வீட்டுக்குள் படி ஏறி இறங்க வேண்டும் என்று சிலர் குறை சொன்னார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் படியா புதிது?

அப்புறம் மேசன் பாஸ். அவர் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்துக்காக இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். முதலில் கொந்தராத்து எடுத்தவர் முற்பணத்தோடு தொலைபேசியையும் அணைத்துவிட்டுப் போனார். அவர் போகாவிட்டால் பாஸ் வந்திருக்க மாட்டார். ஆகவே அவருக்கும் நன்றி, மிச்சப் பணத்தை அனுப்பினால் இன்னும் நன்றி.

பாஸ் வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர். தமிழில் திட்டுவார், சிங்களத்தில் பாராட்டுவார், ஆனபடியால் பையன்களுக்குச் சிங்களம் அவ்வளவாகக் காதில் விழவில்லை. கருங்கல் அத்திவாரத்தில் ஒரு கல் சரியாக உட்காரவில்லை என்றால் சாந்தை அள்ளி ஊற்றி மறைக்க விடமாட்டார், கல்லை மாற்ற வேண்டும். மேல்பக்கத் தாங்குச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற இடைவிட்டுத் துளைகள் வைத்து, சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பினார். சுவரைத் தள்ளுவது மண்ணை விட அதற்குள் தேங்கும் தண்ணீர்தான் என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததும் அவர்தான்.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் நின்றது. சீமெந்து விலை சில மாதங்களுக்குள் இரட்டிப்பையும் தாண்டியது, டீசல் வரிசையில் லொறிகள் நாள்கணக்கில் கிடந்தன. பண்டாரவளையில் நாங்கள் சாமான் எடுக்கும் கடை முதலாளியிடம் முன்பே கொஞ்சம் பணம் கட்டியிருந்தோம். திருப்பிக் கேட்கத்தான் போனேன். அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கட்டிய தேதியைப் பார்த்து, "உங்கள் சீமெந்து அன்றைக்கே உங்களுடையது" என்று சொல்லி அன்றைய விலைக்கே மூட்டைகளை ஒதுக்கித் தந்தார். ஏற்றிவர டீசல் இல்லை என்றதும், நோன்புப் பெருநாள் முடியும் வரை தன் களஞ்சியத்திலேயே ஈரம் படாமல் வைத்திருந்தார். வியாபாரத்தில் அவருக்கு அது நட்டம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் எனக்குக் கணக்குத் தெரியும்.

மரவேலை ஆசாரியாரைப் பற்றி எழுதினால் அவருக்குக் கோபம் வரும், அதனால் சுருக்கமாக. நிலைகளுக்குப் பலா, கூரைக்கு உள்பக்கம் பலகையடிக்க எங்கள் காணியிலேயே விழுத்திய சவுக்கு. பலா மரம் அல்துமுல்லைச் சித்தியின் தோட்டத்தில் நின்றது. பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், ஏற்றி வரவும் பத்திரம் வேண்டும். கிராம உத்தியோகத்தர் அம்மா அந்தத் தாள்களை எங்களை விட அக்கறையாக நகர்த்தித் தந்தார். அறுத்த பலகைகளை ஆசாரியார் இடையில் பட்டி வைத்து அடுக்கி, காயும் வரை தொடவே விடவில்லை. நாங்கள் அவசரப்பட்டோம். பச்சைப் பலகையை அடித்தால் மூடுபனிக் காலத்தில் ஊதி, காற்றுக் காலத்தில் சுருங்கி, இடைவெளியில் நட்சத்திரம் பார்க்கலாம் என்றார். இப்போது அண்ணாந்தால் சவுக்குப் பலகையின் வலைப்பின்னல் ரேகை தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

பெரியப்பா தோட்டத்தில் காலம் முழுக்கக் கான், அதாவது வடிகால், வெட்டியவர். வீட்டுக்கு மேலே மழைநீரைத் திருப்பும் கானுக்குத் திசை போட்டவர் அவர். அகலத்தையும் இடையிடையே தண்ணீரின் வேகத்தை உடைக்கும் படிகளையும் சொன்னவர் பொறியியலாளர். இவ்வளவு அகலம் எதற்கு, ஆறா ஓடப்போகிறது என்று பெரியப்பா கேட்டார். நவம்பர் மழையில் ஆறுதான் ஓடியது. இலை அடைத்ததால் அப்படித் தெரிந்தது என்று அவர் இன்னும் வாதாடுகிறார். இருவருக்கும் நன்றி, தயவுசெய்து இருவரும் ஒரே நாளில் வந்துவிட வேண்டாம்.

அந்த மழை இரவில் லயத்திலிருந்து சில குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தன. கதவுகள்கூட இன்னும் பொருத்தாத வீடு. எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள், ஆனால் நன்றி சொல்ல வேண்டியது நாங்கள். விடிய விடிய உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்தக் கானில் இலையும் சேறும் அள்ளியது அந்த வீட்டுப் பையன்களும் அக்காமாரும். அதே அக்காமார்தான் பாதை முடியும் இடத்திலிருந்து மணலையும் கல்லையும் சுமந்து மேலே சேர்த்தவர்கள். ஞாயிறிலும் போயா விடுமுறையிலும், மலையில் கொழுந்து எடுத்த அதே தோளோடு. கூலி வாங்கிக்கொண்டுதானே செய்தார்கள் என்று ஒரு உறவினர் சொன்னார். வாங்கினார்கள். நாங்கள் கொடுத்த கூலிக்கு அந்த ஏற்றத்தை நான் ஒரு தடவைகூட ஏற மாட்டேன்.

மரம் விழுத்தியபோது குளவிக் கூடு கலைந்து கொட்டு வாங்கிய இரண்டு தம்பிமாருக்கும், அவர்களைத் தோளில் போட்டு இறக்கியவர்களுக்கும், அரைமணி நேரத்தில் தியத்தலாவை வைத்தியசாலையில் சேர்த்த முச்சக்கரவண்டி அண்ணனுக்கும், அந்த இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்த தாதிமாருக்கும் எங்கள் வணக்கம். தம்பிமார் நலம். ஒருவருக்குப் போன மாதம் கல்யாணமும் ஆகிவிட்டது.

கடைசியாக ஒரு அலுவல். வேலை முடிந்து பார்த்தால் எங்களுடையது அல்லாத ஒரு அலவாங்கு, இரண்டு மண்வெட்டி, ஒரு நீள ஏணி, மூடியில்லாத பெரிய அலுமினியச் சட்டி ஒன்று பின்பக்கம் கிடக்கின்றன. அலவாங்கின் பிடியில் சிவப்புப் பெயின்ட் கோடு உண்டு. உரியவர்கள் பகலில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், பிளேன்டீயும் ரொட்டியும் கட்டாயம். சட்டிக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை: மூடி உங்களிடம் இருந்தால் நீங்கள் வர வேண்டாம், கொடுத்தனுப்புங்கள், அம்மாவுக்கு அந்தச் சட்டி பிடித்துப் போய்விட்டது.

நன்றியுடன்,
காட்டு வீட்டுக் குடும்பத்தார்
ஹப்புத்தளை