இரண்டு நிமிடப் படத்துக்கு அடகுக்கடை தேவையில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கிறேன். கல்லூரி ஆசிரியர்கள், பெற்றோர் இரண்டு தரப்பும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். கடைசி வருட பிராஜெக்டுக்கு 15 நிமிடம், 20 நிமிடம் என்று குறும்படம் கேட்கும் வழக்கத்தைக் கல்லூரிகள் கொஞ்சம் மாற்ற வேண்டும். முழுப் படம் எடுக்கத்தான் ஆசை என்பவர்கள் எடுக்கட்டும். ஆனால் ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும், டைட்டிலோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்கு எடுத்துத் தந்தாலும் அதை முழு பிராஜெக்டாக ஏற்று முழு மதிப்பெண்ணுக்குத் திருத்த வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வகுப்பிலேயே ஒரு குழு 18 நிமிடப் படம் எடுக்கப் போனது. கேமராவும் இரண்டு லென்ஸும் வாடகைக்கு, அப்புறம் லைட், வேன், நடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று செலவு ஏறிக்கொண்டே போக, அந்தக் குழுவில் இருந்த பெண்ணின் அம்மா வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். மூன்று நாள் வாடகையில் பாதிக் காட்சிதான் முடிந்தது, மறுபடி வாடகைக்கு எடுக்கக் காசு இல்லை. வைவா (தேர்வாளர் நேரில் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு) அன்று கிளைமாக்ஸ் இல்லாத படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு அவர்கள் நின்ற நிலையை நான் பார்த்தேன். அந்தப் பெண் நல்ல எடிட்டர், ஆனால் எடிட் செய்ய அவளுக்குப் படமே கிடைக்கவில்லை. வளையல் இன்னும் கடையில்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருவன் விபத்தில் கால் உடைந்து ஒரு மாதம் படுத்துவிட்டதால் எங்களுக்கு நேரம் போதவில்லை, அதனால் எங்கள் சார் 'திரில்லர் படத்தோட ஓப்பனிங் மட்டும் எடுங்க, நான் பேசிக்கிறேன்' என்று அனுமதி வாங்கித் தந்தார். முதலில் எங்களுக்கு வருத்தம்தான், மற்றவர்கள் எல்லாம் படம் எடுக்கும்போது நாங்கள் மட்டும் துண்டு எடுக்கிறோமே என்று. இங்கிலாந்தில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு மீடியா பாடத்தில் பல வருடம் இதேதான் செய்முறைத் தேர்வாக இருந்தது, புதிய படம் ஒன்றின் டைட்டிலும் தொடக்கமும், அதிகபட்சம் இரண்டு நிமிடம், அடுத்தவர் பாட்டை எடுத்துப் போடக்கூடாது என்று சார் சொன்ன பிறகுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

நாங்கள் முதலில் எழுதியதில் துரத்தல், கத்தி, பொம்மைத் துப்பாக்கி எல்லாமே இருந்தது. அந்தத் துப்பாக்கியோடு தெருவில் ஒத்திகை பார்த்தபோது யாரோ பயந்து தகவல் சொல்லி, ரோந்து வந்த போலீஸ்காரர் எங்களை ஓரமாக நிறுத்தி விசாரித்தார். அவர் செய்தது சரிதான், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியோ கத்தியோ வைத்து வெளியே படம் எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என்று வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு இரவே கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். என் தோழியின் ஆச்சி வீடு இருந்தது. பழைய வீடு, சிவப்பு சிமெண்ட் தரை, நீளமான நடை, உள்ளே முற்றம். அங்கே உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான் எங்கள் தொடக்கம்: வேலை முடிந்து ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், மழை விட்டிருக்கிறது. உள்ளே வந்து கதவைப் பூட்டி, செருப்பைக் கழற்றி வைக்கிறாள், பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ஜோடி ஆண் செருப்பு இருக்கிறது, அதுவும் ஈரமாக. அவள் தனியாக வாழ்பவள் என்பது அதற்கு முன்னாலேயே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வசனத்தில் சொல்லக்கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வாசலில் ஒற்றைப் பால் பாக்கெட்டும், கொடியில் ஒருத்தியின் துணியும் மட்டும் காட்டினோம், அது போதுமாக இருந்தது.

தமிழில் திரில்லர் தொடக்கம் என்றால் 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துப்போகிறார், அதற்கப்புறம் யார் சுட்டது என்றுதான் கதையே, பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அதைக் குழுவாகப் பார்த்தோம். பார்ப்பவன் மனதில் முதலில் ஒரு கேள்வியை விதைத்துவிட்டால் போதும், விளக்கமெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது எங்களுக்கு அங்கேதான் உறைத்தது. இன்னொன்று, ஆங்கிலப் பட இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் முழுநீளப் படத்தை நண்பர்களை வைத்து வார இறுதிகளில் மட்டும், பெரும்பாலும் இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்தார். பிலிம் வீணாகக்கூடாது என்று ஒன்றிரண்டு டேக்கில் முடிகிற அளவுக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குப் பிலிம் செலவு இல்லை என்றாலும் ஒத்திகையை அப்படியே எடுத்துக்கொண்டோம், கேமரா இல்லாமலேயே மூன்று சாயங்காலம் அந்த நடையில் நடந்து பார்த்தோம்.

மொத்தச் செலவு 2,340 ரூபாய். அதில் 1,100 சாப்பாட்டுக்கும் டீக்கும் போனது. ஆட்டோவுக்கு 400. பல்பு, ஹோல்டர், ஒயர் 420, வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மோகோல் 120, டேப், கயிறு, கிளிசரின் என்று சில்லறைச் சாமான்கள் 300. கேமரா ஒரு மாமாவுடைய பழைய டிஎஸ்எல்ஆர், சில ஷாட் செல்போனில். கிளிசரின் எதற்கு என்றால், எங்கள் ஊர் வெயிலுக்குச் செருப்பில் தெளித்த தண்ணீர் அடுத்த டேக்குக்குள் காய்ந்துவிடுகிறது. கிளிசரின் கலந்து தெளித்தால் ஈரம் அப்படியே நிற்கும்.

முதல் நாள் செல்போனில் எடுத்ததெல்லாம் வீணாகிவிட்டது. ஸ்கிரீனில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடியது, போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது, போனோ தன் இஷ்டத்துக்கு நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் என்று ஓடுகிறது. 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதியும் நேரம்) நொடியில் ஐம்பதில் ஒன்று என்று மாற்றியதும் பட்டை போய்விட்டது. மூன்று வருடம் படித்தும் இது தெரியாமல் இருந்தேனே என்று ஆதங்கமாக இருந்தது, புத்தகத்தில் படித்திருப்போம், ஆனால் ஒரு நாள் உழைப்பு வீணானபோதுதான் அது மண்டையில் ஏறியது. 18 நிமிடப் படத்தில் இந்தத் தவறு நடந்திருந்தால் வாடகைப் பணத்தோடு போயிருக்கும். எங்களுக்கு மறுநாள் திரும்ப எடுக்க முடிந்தது, எடுக்க வேண்டியதே இரண்டு நிமிடம்தானே.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. மாணவர் படங்களில் பயம் வராததற்குப் பாதிக் காரணம் சத்தம்தான். கேமராவில் இருக்கும் மைக்கில் ஃபேன் ஓடுவதும் ஃபிரிட்ஜ் உறுமுவதும் பக்கத்து வீட்டு சீரியலும்தான் பதிவாகும். நாங்கள் ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தினோம். திரும்பப் போட மறக்காமல் இருக்க ஃபிரிட்ஜுக்குள்ளேயே வண்டிச் சாவியை வைத்தோம். இன்னொரு போனை நடிக்கிற பெண்ணின் கால் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்துத் தனியாகப் பதிவு செய்தோம். யாரும் மூச்சு விடாமல் அந்த வீட்டின் வெறும் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்தோம், ஷாட்டுக்கு ஷாட் சத்தம் குதிக்காமல் ஒட்டவைக்க அதுதான் உதவியது. பின்னணி இசைக்கு ஆச்சி ஆட்டுக்கல்லைச் சுற்றும் சத்தத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டோம். கேட்டுப் பாருங்கள், அடிவயிறு கலங்கும். ஆச்சியே 'ஏட்டி, இது நம்ம ஆட்டுக்கல்லா' என்று கேட்டார்கள்.

எடிட்டிங் இலவச மென்பொருளில்தான் செய்தோம். முதலில் மூன்று நிமிடம் நாற்பது நொடி வந்தது. அதை இரண்டு நிமிடமாகக் குறைத்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய ஐந்து செமஸ்டரைவிட அதிகம். அவள் படியேறுவது போனது, பையை வைப்பது போனது, எனக்கு உயிரான ஒரு ஜன்னல் ஷாட்டும் போனது. செருப்பு ஷாட்டை மட்டும் நான்கு நொடியிலிருந்து ஏழு நொடி ஆக்கினோம். வைவாவில் அந்த ஏழாவது நொடியில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். ஐந்து பேரும் அதைப் பார்த்தோம்.

ஆனாலும் மதிப்பெண் போடும்போது 'நீளம் குறைவு' என்று எழுதித்தான் எங்களுக்குக் குறைத்தார்கள். மதிப்பெண் போனதைவிட, அந்தத் தாளில் படத்தின் நீளத்துக்கும் உபயோகித்த கருவிக்கும் தனித்தனியாக மதிப்பெண் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விலை உயர்ந்த கேமராவுக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் வாடகைக் கடைக்குத்தான் ஓடுவார்கள். அந்த இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு, ஒத்திகை எத்தனை நாள் பார்த்தார்கள், ஸ்டோரிபோர்டுக்கும் (ஷாட்களை முன்கூட்டியே வரைந்து வைப்பது) கடைசிப் படத்துக்கும் என்ன மாறியது, ஏன் மாற்றினார்கள், சத்தத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டு மதிப்பெண் போடலாமே.

இன்னொரு சின்ன வேண்டுகோளும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், திரில்லருக்கு எங்களுக்குத் தேவையான வெளிச்சமோ ஆறரை மணிக்குத்தான் வருகிறது, வந்தாலும் இருபது நிமிடம்கூட நிற்பதில்லை. மாதத்தில் இரண்டு நாள், ஓர் ஆசிரியர் உடன் இருக்க, எட்டு மணி வரை ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்தால் பெண் பிள்ளைகளும் பயமில்லாமல் எடுக்கலாம். எல்லாருக்கும் ஆச்சி வீடு இருக்காது.

அடுத்த வகுப்புக்கு ஜூலையில் பிராஜெக்ட் தலைப்பு பதிவு செய்யச் சொல்வார்கள். அதற்குள் துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்து, விதிமுறைத் தாளில் 'அல்லது இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சி' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
விஸ்காம் இறுதியாண்டு மாணவி,
பாளையங்கோட்டை.