நீதவானுக்கு அதிகாரம் இல்லையாம்

ஆசிரியருக்கு,

முகநூலில் மதங்களை இழித்து எழுதுகிறவர்களை ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் உள்ளே போட்டால்தான் நாடு திருந்தும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: அந்தச் சட்டத்தை அவர் வாசித்திருக்கிறாரா? பெரிய சட்டம் இல்லை. தேநீர் ஆறுவதற்குள் வாசித்து முடிக்கலாம்.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் (அதுதான் ஐ.சி.சி.பி.ஆர்.) இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 19ஆம் உறுப்புரை கருத்துச் சொல்லும் உரிமை. 20ஆம் உறுப்புரை, இன மத வெறுப்பைக் கிளறி பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுவதைத் தடைசெய்யச் சொல்வது. இந்த உடன்படிக்கைக்கு நாட்டில் செயல் வடிவம் கொடுக்கத்தான் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதில் 19ஐத் தேடினால் கிடைக்காது. பெரும்பாலான உரிமைகள் அரசியலமைப்பில் ஏற்கெனவே இருக்கின்றன என்பது அரசு தரப்பு சொன்ன காரணம். சரி. ஆனால் 20 மட்டும் 3ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்துகொண்டது, பத்து வருடம் வரையான கடூழியச் சிறையோடு. பிணையை நீதவான் கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்.

"எனக்கு அதிகாரம் இல்லை" என்று நீதவான் சிங்களத்தில் சொன்னதை, கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்லவேண்டிய வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. இரண்டு மொழியிலும் அது ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். வழக்கு பிறகு நிற்குமோ விழுமோ, தண்டனை அன்றைக்கே ஆரம்பமாகிவிடுகிறது.

சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதானார். நாலு மாதம் விளக்கமறியல். 2021இல் வழக்கிலிருந்து விடுவித்தார்கள். முகநூலில் எழுதிவந்த ரம்சி ராசிக், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்துங்கள் என்று எழுதியதற்காக 2020 ஏப்ரலில் பிடிபட்டு ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தது அவர் போட்டிருந்த சட்டைக்காக. அதில் இருந்த கப்பல் சுக்கான் பௌத்தர்களின் தர்மச் சக்கரமாகத் தெரிந்ததாம். (கவிஞர் அஹ்னாப் ஜசீமின் தமிழ்க் கவிதைகளுக்குப் பாய்ந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். அது வேறு கதை, தனிக் கடிதம் வேண்டும்.)

வெறுப்புப் பேச்சை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு ஐ.நா.வின் 2012 ரபாத் செயற்திட்டம் ஆறு கேள்விகள் வைத்திருக்கிறது. என்ன சூழல், பேசியவருக்கு என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, என்ன சொன்னார், எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, அதனால் கேடு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு. இந்த ஆறையும் அந்தச் சட்டைக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். 2014 ஜூனில் அளுத்கமவில் பொதுபல சேனாவின் ஞானசார தேரர் மேடையேறிப் பேசிய பேச்சுக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டம் முடிந்த கையோடு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. சட்டம் வந்து அப்போது ஏழு வருடம். அந்தப் பேச்சுக்காக யாரும் அதன் கீழ் தண்டனை பெறவில்லை. இதை எங்கள் வாசகர் எப்படி விளக்குவார் என்று அறிய ஆவல்.

3ஆம் பிரிவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அளுத்கம மாதிரி ஒன்றுக்கு அது வேண்டும். பிணை கொடுக்கும் அதிகாரத்தை நீதவானுக்குத் தாருங்கள். முறைப்பாடு வந்த அன்றே பொலிஸார் ஆளைத் தூக்காமல், அந்த ஆறு கேள்விக்கும் சட்டமா அதிபரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கைது செய்யட்டும். இந்த இரண்டு திருத்தத்துக்கும் அரைப் பக்கம் போதும். 2024இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சில மாதங்களில் நிறைவேற்றிய பாராளுமன்றத்துக்கு அரைப் பக்கம் ஒரு சுமையா?

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
கண்டி.